மாவு மில் மேடம்

“கொர்ர்ர்…”

பட்டாசு சட்டென்று பேச்சை நிறுத்தினாள். ஆஸ்பத்திரி மீட்டிங் ஹாலில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாரும் இப்போது அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்து நாற்காலியைத்தான் பார்த்தார்கள்.

அங்கே அவளுடைய சேல்ஸ் மேனேஜர் மேடம், மோவாய் நெஞ்சில் இடிக்கத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மானம் கப்பலேறும் என்பார்கள். பட்டாசின் மானம் ஏறி, கப்பலும் கிளம்பிவிட்டது. மேஜைக்கு அடியில் காலால் ஓர் இடி இடித்தாள்.

“ஆங்… நல்ல துணி, நல்ல துணி” என்று விழித்த மேடம், அடுத்த நிமிஷமே மறுபடி தூங்கி விழ ஆரம்பித்தார்.

தலைமை நர்ஸ் சிரித்துவிட்டார். “பாவம், விடுங்க. நீங்க சொல்லுங்கம்மா.”

சும்மாவா அவளுக்குப் பட்டாசு என்று பேர் வைத்தார்கள் ஆபீஸில்? வெள்ளைத் துணியில் மையைக் கொட்டினாள். அவர்கள் கண்ணெதிரே அலசி, கறை போனதைக் காட்டினாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. கடைசியில் அத்தனை நர்ஸுகளுக்கும் யூனிஃபார்ம் இவர்கள் கம்பெனியிலேயே என்று முடிவாகிவிட்டது.

வெளியே வந்ததும் மேடம் அவள் முதுகில் தட்டினார். “கலக்கிட்டேடி!”

“நீங்க தூங்கினது போதாதுன்னு குறட்டை வேற, மேடம்!”

“தப்புதாம்மா. எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன், கண்ணு சொருகிடுச்சு.”

அவ்வளவுதான். வேறு சமாதானம் ஒன்றும் இல்லை. பட்டாசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராத்திரி பூரா தூங்கிவிட்டு, பகலில் இன்னொரு ரவுண்டா?

உண்மையில் இந்த ஊருக்கு வரும்போது அவளுக்கு மீட்டிங்கைப் பற்றிப் பயமே இல்லை. ராத்திரியை நினைத்துத்தான் பயம். சிக்கனச் சிகாமணியான முதலாளி லாட்ஜில் போட்டுக் கொடுத்தது ஒரே ரூம், ஒரே கட்டில். மேடத்தின் குறட்டையோ ஊரறிந்தது. ஆபீஸில் அவருக்கு ‘மாவு மில்’ என்று பேர். கிளம்பும்போது தோழிகள் பஞ்சு வாங்கிக் கொடுத்துத்தான் வழியனுப்பினார்கள்.

நேற்று அந்தப் பஞ்சை அவள் ரகசியமாக உருட்டும்போது மேடம் பார்த்துவிட்டார்.

“என்னை மாவு மில்லுன்னு கூப்பிடறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

பட்டாசு அசடு வழிந்தாள்.

“பரவாயில்ல விடு, உள்ளதைத்தானே சொல்றாங்க? நீ முதல்ல படு. நான் கொஞ்சம் காத்தாட உக்காந்துட்டு அப்புறமா வரேன்.”

பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு கட்டில் ஓரமாகப் படுத்ததுதான் தெரியும். கண் விழித்தபோது விடிந்திருந்தது. மேடம் குளித்து முடித்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். பஞ்சு நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று பட்டாசுக்கு ஒரே சந்தோஷம்.

மீட்டிங் முடிந்து லாட்ஜுக்குத் திரும்பியவர்கள், ரூமைக் காலி செய்துகொண்டு கிளம்பினார்கள். மேடம் டாக்ஸியில் ஏறியதும் தூங்கிப்போனார். ‘கொடுத்து வைத்த ஜென்மம்’ என்று முணுமுணுத்தபடி பட்டாசு சாவியைக் கொடுக்க ரிசப்ஷனுக்கு வந்தாள். முதலாளியிடமிருந்து போன்.

“ஆர்டர் கெடச்சிடுச்சு சார்!”

“சபாஷ்! சரி, இன்னொரு விஷயம். மேடத்துக்கு வயசாயிடுச்சு, மீட்டிங்லயே தூங்கறாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. நீ கூடவே இருந்தே, ஒளிக்காம சொல்லு. அது நெஜம்னா அவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு, அந்த சீட்டை உனக்கே குடுத்துடலாம்னு இருக்கேன்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இட்டுக்கட்டியா சொல்லப் போகிறோம்? ஆஸ்பத்திரியே பார்த்ததுதானே? வாயைத் திறந்தாள்.

“ஏம்மா, இந்தச் சால்வை உங்க மேடத்தோடது. மறந்துட்டாங்க” என்று ரிசப்ஷன்காரம்மா நீட்டினார்.

பட்டாசு போனைக் கையால் பொத்தினாள். “இது எப்படிங்க இங்க வந்துச்சு?”

“ராத்திரி பூரா இந்த சோபாவுலதானே உக்காந்திருந்தாங்க? ரூமுக்குப் போங்கம்மான்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். ‘நான் படுத்தா என் குறட்டையில அந்தப் பொண்ணு பொட்டுத் தூக்கம் தூங்க முடியாது. நாளைக்குப் பேசப் போறது அவதான், அவ தெளிவா இருக்கணும்’னாங்க. சரி, இங்கயாவது சாயுங்கன்னேன். ‘ஐயையோ, சுத்தியும் ரூம்ல ஆளுங்க தூங்கறாங்களே’ன்னுட்டு, விடிய விடிய எனக்குப் பேச்சுத்துணையா இருந்தாங்க. நல்ல மனுஷி.”

பட்டாசு சால்வையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அப்பாடா, நாக்கு நுனி வரை வந்த வார்த்தை இன்னும் வெளியே விழவில்லை!

“ஹலோ, லைன்ல இருக்கியா? மேடம் தூங்கினாங்களா இல்லையா?”

“தூங்கினாங்க சார். நான் நல்லாத் தூங்கி எழுந்து பேசணும்னு ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தவங்க, பகல்ல தூங்காம என்ன செய்வாங்க? பேசினதுதான் நான். ஆர்டர் வாங்கிக் குடுத்தது அவங்க.”

“அப்போ அந்த சீட்டு?”

“அது அவங்களோடதாவே இருக்கட்டும் சார். நீங்க எனக்கு ஏதாவது குடுக்கணும்னு நெனச்சா, அடுத்த தடவை ரெண்டு ரூமா போட்டுக் குடுங்க. அவங்களும் மனுஷிதானே, தூங்க வேண்டாமா?”