பட்டையில் எழுதிய பெயர்

கையில் வாங்கிப் பார்த்த டீனா அதைத் திருப்பித் தரவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த வேந்தன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானிக் கண்ணாடி அது. பழைய ராணுவக் கண்ணாடிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பதில் வேந்தனுக்கு அப்படியொரு பைத்தியம். அவன் மனைவி சாப்பாட்டு மேசையைக்கூட அவற்றுக்குத் தாரை வார்த்துவிட்டாள். இந்தக் கண்ணாடியின் பட்டைக்கு உட்புறம் மையால் 'சகாயம்' என்று எழுதியிருந்தது. இன்னார் போட்டது என்று வீட்டாரே சொல்லிவிட்டால், பெங்களூர்க் கண்காட்சியில் இதற்குத்தான் முதலிடம்.

விசாரித்ததில், சகாயம் இறந்துவிட்டார், மகள் ஊரிகத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தது. ஆசை அவனை அவள் வீடுவரை இழுத்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. 'எங்க அப்பாது, வெச்சிட்டுப் போ' என்று சொல்லிவிட்டால்? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான்.

"அப்பாதுதான் தம்பி," என்றாள் டீனா. "ஏர்ஃபோர்ஸ்ல மெக்கானிக்கா இருந்தப்ப ஒரு ஆபீசர் குடுத்தது. இதப் போடாம புல்லட்ட எடுக்க மாட்டாரு. ஓரத்துல தையல் உட்டுச்சுன்னு நான்தான் பச்ச நூலால தெச்சேன்."

பச்சைத் தையல் இருந்தது. வேந்தனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் அவள் விரல்கள் இன்னும் இறுகின.

"இன்னா, எங்க கெடச்சுது உனுக்கு?"

"இங்க பக்கத்துல பாலகாட்ல நாகேஷ்னு பழைய சாமான் விக்கிறவரு இருக்காரு. சாக்கு நெறைய மண்ணு ஒட்டின பித்தளக் கைப்பிடிங்க. அதுக்கு அடியில கெடந்துச்சு." எதற்கும் இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டான். "துட்டு குடுத்துதான் வாங்கினேன்க்கா."

"எப்போ?"

"போன வாரம்."

டீனாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஜோஸு, இங்க வா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

அவள் தம்பி ஜோஸ் வந்தான். கதவு நிறைய இருந்தான். கண்ணாடியைப் பார்த்ததும் வாசலை மறித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

சரி, போயிற்று என்று வேந்தன் நினைத்தான். அடிபடாமல் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. அதோடு, அந்தப் பச்சைத் தையலைப் பார்த்த பிறகு அவனுக்கே கூச்சமாகவும் இருந்தது.

"நீங்களே வெச்சுக்குங்கக்கா," என்றான். "அப்பா போன பொறவு, உங்க வூட்ல இருந்து யாரோ எத்துனு போயிருக்காங்க போல."

டீனா தலையைக் குனிந்துகொண்டாள். ஜோஸ்தான் பேசினான்.

"வூட்ல எங்க இருந்துச்சு? அப்பா கண்ணுல மாட்டிதான் அடக்கம் பண்ணோம்."