துரைசானியின் பூச்செடி

துரைக்கு நுவரெலியாவுக்கு மாற்றலாகிவிட்டது. துரைசானி, தோட்டத்திலிருந்த கார்டீனியாச் செடியை மண்ணோடு ஆழமாகத் தோண்டிப் பீப்பாயில் வைக்கச் சொன்னாள்.

வேலைக்காரி மார்த்தா அவள் காலைப் பிடித்தாள். "இதை மட்டும் விட்டுட்டுப் போங்கோ அம்மா."

துரைசானி சிரித்தாள். மன்னாரின் உப்பு மணலில், மூன்று வருடமாக நல்ல தண்ணீர் சுமந்து ஊற்றி அந்தச் செடியைப் பூக்க வைத்தவள் மார்த்தாதான்.

"உனக்கு வேற செடி அனுப்பிறன்."

தோட்டக்காரன் லோறன்ஸ் தோண்டினான். பின்னேர ரயிலில் பீப்பாயை ஏற்றினார்கள். ரயில் நகர்ந்ததும் மார்த்தா கதறிவிட்டாள்.

"ஒரு பூச்செடிக்கே இப்பிடி அழுறாய், தங்கச்சி?" என்றான் லோறன்ஸ்.

"என்ர பிள்ளை செத்துத்தானே அண்ணை பிறந்தது. ஞானஸ்நானம் குடுக்காத பிள்ளையெண்டு சேமக்காலையில புதைக்க விடேல்லை. ஒருத்தருக்கும் தெரியாமல் தோட்டத்தில புதைச்சுப்போட்டு, அதுக்கு மேலதான் அந்தச் செடியை நட்டனான்."

லோறன்ஸ் தன் நகங்களுக்குள் இருந்த மண்ணைப் பார்த்தான்.

ரயில் கடற்பாலத்தைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.