முதலிடம் பிடித்த மண்

"இன்னும் நாலு சரம் வெடியைக் கொளுத்துங்கடா!" என்று கத்தினார் மாதவராஜ். பாப்பிரெட்டிப்பட்டியில் அவருடைய தக்காளித் தோட்டத்து மண், ஆராய்ச்சியில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்திருந்தது. மனுசனைக் கையில் பிடிக்க முடியுமா?

வாசலில் 'நஞ்சில்லா இயற்கைப் பண்ணை' என்று ஆளுயரத்துக்குப் போர்டு. ஆனாலும் ஊர் வாயை மூட முடியவில்லை. "இயற்கையாவது ஒண்ணாவது" என்ற பேச்சு பெங்களூர் சுகுணாவின் காதுவரை போய்விட்டது. அவருடைய கடைகளுக்குத்தான் மொத்தத் தக்காளியும் போகிறது. இந்த வருஷம் அவர் ஒப்பந்தம் போடாவிட்டால் மாதவராஜ் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

அதனால்தான் ஊர் ஊராக மண்ணெடுத்துக்கொண்டிருந்த விஞ்ஞானி ஜெயபிரியாவை அவரே வருந்தி அழைத்துத் தன் மண்ணையும் கொடுத்தார். அவளோ மண்ணைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்க்காத பெண். இன்றைக்கு முடிவைக் கேட்கச் சுகுணாவும் வந்திருந்தார்.

"பூச்சிமருந்தையே தின்னு செரிச்சிடற பாக்டீரியா சார் இது! மருந்தை உடைக்கிற ஜீன் இவ்ளோ வலுவா நான் எங்கயுமே பார்க்கலைங்க" என்றாள் ஜெயபிரியா, சந்தோஷம் தாங்காமல்.

"கேட்டுக்கங்க மேடம்! மருந்துன்னா என் மண்ணுக்கே ஆகாது. காத்துல பறந்து வந்தாக்கூடத் தின்னுடும்!" மாதவராஜ் மீசையை முறுக்கினார்.

"சித்தேரி மலையில ரங்கம்மாங்கறவங்க சாமைக்காட்டுலயும் மண்ணெடுத்தேன். அங்க இது இல்லவே இல்லைங்க."

"எப்படிம்மா இருக்கும்? வெதைச்சமா, வூட்டுக்குப் போனமான்னு இருக்கறவங்க. மண்ணுன்னா பார்த்துப் பார்த்துக் கவனிக்கணுங்க!"

சுகுணாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இத்தனை நல்ல மனுசனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு ஜெயபிரியாவிடம் திரும்பினார்.

"எங்களுக்குத் தக்காளி தர்ற மத்தவங்க தோட்டத்துலயும் இந்தப் பாக்டீரியா வளரணுமே. அதுக்கு என்னங்க பண்ணணும்?"

"நல்லாச் சொல்லும்மா, நாலு பேரு கத்துக்கட்டும்!" என்றார் மாதவராஜ், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

ஜெயபிரியா சிரித்தபடி சொன்னாள்.

"இவரு மாதிரியே வருசக்கணக்கா விடாம மருந்தடிக்கணுங்க!"