ஐந்து சென்டிமீட்டர்

"இரும்பு சுருங்குமா சார்? இல்ல, என் தங்கச்சி தலைதான் வாராவாரம் வளருதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க!"

மெக்கானிக் போட்ட சத்தத்தில், பரிசோதனைக் கொட்டகையில் வரிசையாக நின்ற மற்ற கார்க்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பரிசோதகர் மட்டும் நிமிரவில்லை. காருக்கு மேலே குறுக்காக வைத்திருந்த நீளமான ஸ்கேலை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, படிவத்தில் பெருக்கல் குறி போட்டார். மூன்று வாரத்தில் இது மூன்றாவது பெருக்கல் குறி.

"ஹெல்மெட்டுக்கும் ஸ்கேலுக்கும் நடுவுல அஞ்சு சென்டிமீட்டர் இருக்கணும். மூணுதான் இருக்கு."

இருபத்தெட்டு வயதான ஒற்றை இருக்கை ஃபார்முலா கார் அது. அது பிறந்த காலத்தில் இப்படியெல்லாம் யாரும் கேட்டதில்லை. இப்போது புதிய விதிப்புத்தகம் வந்துவிட்டது. கார் தலைகீழாகக் கவிழ்ந்தால் ஓட்டுபவரின் தலை தரையில் படக்கூடாது. அதனால் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் இரும்பு வளைவு ஹெல்மெட்டைவிட உயரமாக நிற்க வேண்டும். ஸ்கேலின் ஒரு முனையை அந்த வளைவின் உச்சியில் வைத்துத்தான் அளப்பார்கள். நியாயமான விதிதான், மெக்கானிக் அதை மறுக்கிற ஆள் இல்லை. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்றால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது?

முதல் வாரம் வளைவை அறுத்து நாலு விரல் உயர்த்திப் பற்றவைத்தான். இரண்டாம் வாரம் இருக்கையின் பஞ்சைப் பிய்த்து எறிந்தான். இந்த வாரம் இருக்கையின் அடித்தகட்டையே வெட்டி இறக்கிவிட்டான். இதற்கும் கீழே போனால் தங்கை ரோட்டில்தான் உட்கார வேண்டும்.

"நெருப்பணைக்கிற சிலிண்டர் வைன்னீங்க, வெச்சேன். பெட்ரோல் டேங்குக்குள்ள ரப்பர் பை போடுன்னீங்க, போட்டேன். ஆறு பட்டை பெல்ட்டும் மாட்டியாச்சு. எல்லாத்துக்கும் டிக் அடிச்சுட்டு இதுல மட்டும் உயிரை வாங்கறீங்களே! ஞாயித்துக்கிழமை ரேஸ், இன்னிக்கு விட்டா வேற நாள் கிடையாது. ரெண்டு வருஷமா எங்க வீட்டுல ராத்திரி பகல் இதே பேச்சுதான் சார்!"

காருக்குள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்த தங்கை மெல்ல வாயைத் திறந்தாள். "விடுண்ணா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"நீ சும்மா இரு! இப்படி வாயில்லாப் பூச்சியா இருக்கறதைப் பாத்துத்தான் தலைமேல ஏறி உக்கார்றாங்க." மறுபடி பரிசோதகர் பக்கம் திரும்பினான். "போன மாசம் பிராக்டிஸ்ல, ரேஸ் டிராக்கோட மூணாவது வளைவுல, இந்தக் கார் நாலு சுத்து சுத்தி சுவருக்கு ஒரு சாண் தள்ளி நின்னுது. இவளுக்கு ஒரு கீறல் உண்டா? இறங்கி வந்து 'ஒண்ணுமில்லண்ணா'ன்னு சிரிச்சா சார்! அப்படிப்பட்ட டிரைவர், அப்படிப்பட்ட வண்டி. கோளாறு உங்க ஸ்கேல்லதான்."

"ஸ்கேல் சரியாத்தான் இருக்கு."

"அப்போ உங்க கண்ணுல."

பரிசோதகர் கோபப்படவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகினார். "டிரைவர் உக்காந்திருக்கும்போது அளக்கணும்கறது விதி, அளந்துட்டேன். கிளம்புங்க தம்பி."

திட்டினாலாவது திருப்பித் திட்டலாம். இந்தப் பொறுமையைத்தான் மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை. என்ன ஒரு நெஞ்சழுத்தம்!

"ஏய், நீ இறங்கு."

"எதுக்குண்ணா?"

"இறங்குன்னா இறங்கு. உன்னைவிட நான் ஒரு சாண் உயரம். நான் உக்காந்து, என் தலையே இடிக்கலேன்னா இந்தப் பெரிய மனுஷன் என்ன சொல்றாருன்னு ஊரே பாக்கட்டும்!"

"வேண்டாம்ணா, ப்ளீஸ்."

"வேண்டாங்க," என்றார் பரிசோதகரும், சற்று அவசரமாகவே.

"பாத்தீங்களா, குட்டு வெளிப்பட்டுடும்னு பதறுறாரு!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான் மெக்கானிக்.

தங்கை இறங்கினாள். மெக்கானிக் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு இருக்கைக்குள் தன்னைத் திணித்தான். ஹெல்மெட்டை மாட்டினான். மூச்சு முட்டும்வரை பெல்ட்டை இழுத்துக் கட்டினான். பரிசோதகர் அசையாமல் நிற்கவே, பக்கத்துக் கார்க்காரர் ஒருவர் ஆர்வம் தாங்காமல் ஸ்கேலை எடுத்து வைத்து, குனிந்து அளந்தார்.

"அட, எட்டு சென்டிமீட்டர் இருக்கே!"

கூட்டம் கை தட்டியது. மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை.

"எட்டு! கேட்டீங்களா சார், எட்டு! மூணு வாரமா ஒரு அப்பாவிப் பொண்ணு வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டீங்களே, நீங்கள்லாம் நல்லா இருப்பீங்களா? இந்தப் படிவத்தைக் கிழிச்சுப் போடுங்க! இவ ஞாயித்துக்கிழமை ஓட்டத்தான் போறா!"

பரிசோதகர் அவனைப் பார்க்கவே இல்லை. அவனுடைய தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்கும் அப்போதுதான் ஹெல்மெட் இல்லாத அவள் முகத்தைப் பார்த்தான். அது பேயறைந்தது போல் வெளுத்திருந்தது.

"அவரைத் திட்டாதண்ணா, அவரு முதல் வாரமே கண்டுபிடிச்சுட்டாரு," என்றாள். "மூணு தடவையும் நான்தான் காலை ஊணி எம்பிக்கிட்டு பெல்ட்டை மாட்டினேன். நீ சீட்டை இறக்க இறக்க, நான் இன்னும் எம்பினேன். அந்த மூணாவது வளைவை நெனச்சாலே எனக்குக் கை கால் உதறுதுண்ணா... நான் சொன்னா நீ கேக்க மாட்டே, விதி சொன்னாலாவது கேப்பேன்னு நெனச்சேன்."