சர்வர் ரூம் கேமரா

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துரணும் பாய்" என்றார் ராஜாமணி. "கொச்சி லாரி லோடு ஏத்தி நிக்குது. நெட்டு இல்லாம இ-வே பில்லு போட முடியல. பில்லு இல்லாம வண்டிய ரோட்டுல வுட முடியாது."

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நிசார் அகமது சர்வர் முன்னால் உட்கார்ந்தான். பென்னாகரம் சாலையில் இருக்கும் அந்த மாம்பழக் கூழ் ஆலைக்கு இந்த வாரம் அவன் வருவது மூன்றாவது தடவை. வரும்போதெல்லாம் சரி செய்துவிட்டுத்தான் போகிறான். மறுநாள் காலையில் போன் வந்துவிடுகிறது.

சர்வரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். தலைமேல் புதிதாக ஓர் எலுமிச்சம்பழம். பழத்தின் மேல் நிசாருக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. காற்று போகிற துளையை அடைக்காமல் இருந்தால் போதும் என்று கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

கணக்கு எழுதும் கோகிலவாணி பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஆலையில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாம் அவள் பொறுப்பு.

"நெட்டு வருதுங்க மொதலாளி" என்றான் நிசார். "நம்பரப் போட்டுக் கூப்பிட்டா பதில் வருது. வெப்சைட்டு பேரப் போட்டாத்தான் தெறக்க மாட்டேங்குது."

"அப்படின்னா?"

"ரோடு நல்லாத்தான் இருக்குது. வழி சொல்ற ஆளுதான் தப்பு. டி.என்.எஸ்.னு ஒரு எடத்துல நான் போட்டு வெச்ச நம்பர மறுபடியும் யாரோ மாத்திட்டாங்க."

"தானா மாறியிருக்குமோ?"

"மாறாதுங்க. பாஸ்வேர்டு போட்டு உள்ள போயி, கையால மாத்துனாத்தான் உண்டு."

ராஜாமணி கோகிலவாணியின் பக்கம் திரும்பினார். "உங்கள வுட்டா, பாஸ்வேர்டு தெரிஞ்சது எனக்கும் இந்தப் பொண்ணுக்கும்தான்."

"சார், நான் அந்தப் பக்கமே போறதில்லைங்க." அவளுக்குக் குரல் உடைந்தது. "அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். வேலை குடுத்த எடத்துல சதி பண்ணிட்டாள்னு பேரு வந்தா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வூட்டுக்குப் போவேன்?"

"அழுவாதம்மா. நான் யாரு மேலயும் சும்மா பழி போடற ஆளு கெடையாது. அதுக்குத்தான நேத்து பாயக் கூப்புட்டு இங்க கேமரா மாட்டுனேன்? நீ பண்ணியிருந்தா இன்னியோட வேலைய வுட்டு நின்னுக்கணும். வேற யாரு பண்ணியிருந்தாலும் அவனுக்கும் அதே சட்டம்தான். சொந்தக்காரன்னாலும் வுட மாட்டேன்."

சொன்னால் செய்கிற மனிதர். போன மாதம் பெயர்ப்பலகையில் ஆங்கில எழுத்து ஒன்று கூடியபோது, ஆலையின் ரப்பர் ஸ்டாம்ப் வரைக்கும் மாற்றிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

நிசார் தப்பு நம்பரை அழித்துவிட்டு, வழக்கம்போல நான்கு எட்டுகளைப் போட்டான். திரையைப் பார்த்த ராஜாமணியின் முகம் லேசாகச் சுளித்தது. பாவம், லாரியை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று நிசார் நினைத்துக்கொண்டான்.

பக்கம் திறந்தது. கோகிலவாணி பில்லைப் போட்டுக் கொடுத்தாள். லாரி ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டு தொப்பூரைப் பார்த்துக் கிளம்பியது.

"இப்ப கேமராவப் போடுங்க பாய்."

நிசார் நேற்றைய பதிவைப் போட்டான். மாலை நேரம். கோகிலவாணி கம்ப்யூட்டரை மூடினாள், பையை மாட்டினாள், சர்வர் பக்கம் திரும்பாமலே கிளம்பினாள். அறை காலியாகக் கிடந்தது. இப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். சர்வரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எலுமிச்சம்பழத்தை அதன் தலைமேல் வைத்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் நிதானமாக எதையோ அடித்தார். அடித்து முடித்துவிட்டுக் கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.

ராஜாமணி.

நிசார் படத்தை நிறுத்தினான். கோகிலவாணி தரையைப் பார்த்தாள்.

"ஏன் பாய் நிறுத்திட்டீங்க? அது நான்தான்" என்றார் ராஜாமணி. "எட்டு நமக்கு ஆகாது, ஆறுதான் ராசின்னு ஜோசியரு சொல்லியிருக்காரு. நீங்க தெரியாம எட்டு எட்டாப் போட்டுட்டுப் போறீங்க. நீங்க பண்றதப் பார்த்துக் கத்துக்கிட்டு, நானே எல்லாத்தையும் ஆறா மாத்திட்டுத்தான் வூட்டுக்குப் போவேன்."

அவர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அத வுடுங்க. எனக்கப்பறம் எவன் உள்ள வந்து நெட்டக் கெடுத்தான்னு ஓட்டுங்க, பார்க்கலாம்."