டாக்டர் கையெழுத்து

"நெஞ்சுல கை வச்சு சொல்லுங்க வெள்ளைச்சாமி. இந்த நாலு ஆஸ்பத்திரி பர்ச்சியும் நிஜமா?"

வைஸ் பிரின்சிபால் வைஜெயந்தி நான்கு ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மேசைமேல் பரப்பினார். எதிரே ரப்பர் தோட்டத் தொழிலாளி வெள்ளைச்சாமி. பக்கத்தில் பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் பானு. மாடிப்படி ஏறி வந்து பத்து நிமிஷமாகியும் அவளுக்கு மூச்சிரைப்பு அடங்கவில்லை.

"ஆஸ்பத்திரி சீட்டுதான் மிஸ்."

"டாக்டர் கையெழுத்து இருந்தாதான் மெடிக்கல் லீவு. இல்லேன்னா ஆப்சென்ட். இந்த இருபது நாளும் ஆப்சென்ட்னா இவளுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியும் மிஸ். அதான் ஒவ்வொரு வாட்டியும் கையெழுத்தோட கொண்டாந்தேன்."

"ஒரு நாள் அப்பாயின்ட்மென்ட்டுக்கு அஞ்சு நாள் லீவு!"

"ஆஸ்பத்திரி இருக்குற தீவுல இருந்து திரும்பி வர கப்பல் கெடைக்கணுமே மிஸ்."

"கப்பல் மேல பழி போடாதீங்க. போன மாசம் பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட். பத்தரைக்கு அப்பாவும் பொண்ணும் ஃபீனிக்ஸ் பே கப்பல் ஜெட்டியில உக்காந்து பஜ்ஜி சாப்பிட்டதை நம்ம ஸ்கூல் பாலகுமார் சார் பார்த்திருக்கார். அரை மணி நேரத்துல அப்படியென்ன வைத்தியம்?"

வெள்ளைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். பொய் என்றாலே வைஜெயந்திக்குப் பற்றிக்கொண்டு வரும். அட்மிஷன் படிவத்தை எடுத்துச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அப்பாவின் கையெழுத்துக்கும் டாக்டரின் கையெழுத்துக்கும் கடைசியில் ஒரே மாதிரிச் சுழி.

"அப்பாவைத் திட்டாதீங்க மிஸ்..." பானு அழுதாள்.

"நீ சும்மா இரு தாயி. ஆமா மிஸ், நான்தான் போட்டேன்."

வைஜெயந்தி ஆத்திரத்தில் சீட்டுகளைத் தள்ளிவிட்டார். "சே! நீங்கள்லாம் ஒரு அப்பாவா? பொண்ணுக்கு இதயத்துல கோளாறுன்னு சொல்லிட்டு ஊர் சுத்தியிருக்கீங்க. இவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதைவிட உங்களுக்கு வேற என்ன முக்கியம்?"

வெள்ளைச்சாமி நிமிர்ந்தார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பு இல்லை.

"கூட்டிட்டுதான் மிஸ் போறேன். மெயின்லேண்டுல இருந்து மாசத்துக்கு ஒருக்கா வர்ற ஹார்ட் டாக்டர் வேலையை விட்டுப் போயி நாலு மாசமாச்சு. கவுண்டர்ல சீட்டைக் குடுத்து, அடுத்த மாசம் புது டாக்டர் வருவாருன்னு தேதி போட்டு அனுப்பிடுறாங்க. பூட்டுன ரூம் முன்னாடி நின்னுட்டு வர்றோம். டாக்டரே இல்லாத எடத்துல நான் யாருகிட்ட மிஸ் கையெழுத்து வாங்குவேன்?"