உப்புப் பெறாத நாவல்

"இதெல்லாம் ஒரு நாவலா?" ஜெகதாப்பட்டினம் உதயசூரியன் புத்தகத்தைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தார்.

"ஈரான் சண்டைக் கதைன்னு ஆசையா வாங்கிட்டு வந்தீங்களே?" என்றாள் மனைவி அழகி.

"சண்டை எங்கடி இருக்கு? வெளியில குண்டு விழுது. வீட்டுக்குள்ள, கொழம்புல உப்பு பத்தலைன்னு பேசிக்கிட்டு இருக்காங்க. அப்பன்காரன், மகன் முடி வெட்டலைன்னு திட்டுறான். உசுரு போற நேரத்துல எவனாச்சும் இப்படிப் பேசுவானா? எழுதுனவனுக்கு யுத்தம்னா என்னன்னே தெரியல!"

செல்போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார். நாலைந்து நாளாகக் கிடைக்காத வீடியோ கால். திரையில் மகன் ஐயனார், ஈரானுக்கு மீன்பிடி வேலைக்குப் போனவன். பின்னால் சைரன் அலறியது.

"அப்பா, பக்கத்துலதான் குண்டு விழுந்துச்சு. எனக்கு ஒண்ணுமில்லப்பா."

உதயசூரியன் செல்போனை முகத்துக்கு அருகே கொண்டுபோனார்.

"என்னடா தலை இது, பரதேசி மாதிரி? மொதல்ல முடிய வெட்டுடா!"

அழகி போனைப் பிடுங்கினாள். திரையில் தெரிந்த மகன் முகத்தை விரலால் தடவினாள்.

"சாப்பிட்டியாய்யா? என்ன கொழம்பு?"

"மீன் கொழம்புதாம்மா. உப்புதான் பத்தல."